ஏழாம் நம்பர் ரூமில் ஒரு ஆள்

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது நிழலில் உட்கார்ந்து பார்க்கிற சொகுசு வேலை என்று சொல்கிற யாரும் பட்டாசுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இல்லை.

நான் எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் இன்றைக்கும் சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கும்போது சிவகாசிப் பக்கம் 'டம்' என்று கேட்டால், பாலை மறந்து மொட்டை மாடிக்கு ஓடுகிறேன். கோயில் வெடியாக இருக்கும். லாரி டயராகக்கூட இருக்கும். புகை எழும்புகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கி வருவதற்குள் பால் பாத்திரத்தில் பாதி, அடுப்பு மேடையில் பாதி. எழுதிக் கொடுத்த புரோகிராம் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்க, வீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகள் இதைப் படித்தால், உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். கையெழுத்து கோணினால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும் பள்ளிக்கூடம். அப்புறம் வாங்கிய பி.எஸ்ஸி. கணக்குப் பட்டத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு சாம்பாருக்குப் பருப்பு அளக்க மட்டுமே பயன்படுத்தினேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும், விருதுநகரில் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தேன். பாதிப் பாடம் தும்மலில் போயிற்று. மீதியை ஒழுங்காகப் படித்திருப்பேன் போல, ஏனென்றால் படிப்பு முடிந்ததும் அங்கேயே பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்கள்.

அங்கே வந்துதான் பொன்னுச்சாமி அண்ணாச்சி என்னைப் பிடித்தார். வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவர் மேனேஜர். மதுரையிலிருந்து யாரோ ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்களாம். இனி அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

புரோகிராம் செய்கிற வேலை என்னவோ சின்னதுதான். கம்பெனிக்கு முன் வாசல், பின் வாசல் என்று இரண்டு வாசல். உள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தனித்தனி ரூம்கள். ஒன்று போனாலும் அடுத்தது பிழைக்கட்டும் என்று அப்படிக் கட்டியது. ஒரு ரூமில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். இரண்டு வாசலிலும் ஒரு கம்ப்யூட்டர். உள்ளே போகிறவர் அட்டையைக் கொடுத்து, அங்கே உட்கார்ந்திருப்பவர் அதன் நம்பரைத் தட்டினால், போகிறவருடைய ரூமின் கணக்கில் ஒன்று கூடும். வெளியே வரும்போது கொடுத்தால் ஒன்று குறையும். எந்த ரூமில் எத்தனை பேர் என்று ஆபீஸ் திரையில் தெரியும். கூட்டல், கழித்தல், அவ்வளவே. இதற்கா பயப்படுவது என்று நானும் நினைத்தேன்.

சேலை

முதல் நாள், மரியாதைக்காக ஒரு நல்ல ஷிபான் சேலை கட்டிக்கொண்டு போனேன். பின் வாசல் கம்ப்யூட்டரில் செல்வி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். கீபோர்டில் அவள் விரல் ஓடுவது எண்ணெயில் கடுகு பொரிவது மாதிரி இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வணக்கம் சொன்னாள், பிறகு என் செல்போனைப் பிடுங்கிக்கொண்டாள். கொண்டை ஊசிகளை எடுக்கச் சொன்னாள். எந்த ரூமுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், அடியில் ஒட்டிய மணல் ஒன்று தரையில் உரசினாலே போதும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் சேலையையும் மாற்றச் சொன்னாள். நூல் சேலை ஒன்றைத் தயாராக மடித்து வைத்திருந்தாள்.

நான் வந்திருப்பது கம்ப்யூட்டரைப் பார்க்க, வெடிமருந்து இடிக்க அல்ல என்று எகிறினேன். அவள் வாக்குவாதமே செய்யவில்லை. என் முந்தானையைப் பிடித்து இரண்டு தடவை தேய்த்து என் கை அருகே கொண்டுவந்தாள். கையில் முடி அத்தனையும் எழுந்து நின்றது. அந்தச் சின்ன 'சடக்' சத்தமும் கேட்டது. வாயை மூடிக்கொண்டு சேலையை மாற்றினேன். ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா? வாட்ச்மேனுக்கு இல்லாத கறார் உனக்கு எதற்கு என்று கேட்டுவிட்டேன். செல்வி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"ஏழாம் நம்பர் ரூம்ல எங்க அம்மா இருக்கு டீச்சர். ஒங்க சேலைய நம்பி நான் அதை உள்ள அனுப்பல."

மிச்சம் ஒன்று

சீசன் சூடு பிடித்திருந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து இரண்டு வாசலிலும் ஒரே நெரிசல். ஆட்கள் வெளியேறி ஓய்ந்த நேரத்தில், ஏழாம் நம்பர் ரூமுக்குப் பக்கத்தில் காயப் போட்டிருந்த பட்டாசுச் சரத்தில் எப்படியோ பொறி விழுந்தது. சடசடவென்று வெடிக்கத் தொடங்கியது. ஆபீஸில் அண்ணாச்சி திரையைத்தான் முதலில் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லா ரூமிலும் பூஜ்யம். ஏழில் மட்டும் ஒன்று.

ஏழில் ஒரு ஆள் என்று அண்ணாச்சி கத்தியதுதான் தாமதம், போர்மேன் சுடலைமுத்து நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு புகைக்குள் ஓடினார். பின் வாசலிலிருந்து செல்வி ஓடி வந்தாள். அவளை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். அவள் அழவில்லை. அந்த ரூமையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரையைப் பார்த்தேன். அந்த ஒன்று அசையாமல் அங்கேயே நின்றது.

அப்போது முன் வாசல் பக்கமிருந்து, கையில் வெற்றிலைப் பொட்டலத்தோடு, என்ன கூட்டம் என்று கேட்டபடி செல்வியின் அம்மா பேச்சியம்மாள் வந்தாள். அன்றைக்கு வெற்றிலை வாங்குவதற்காக முன் வாசல் வழியாகப் போயிருக்கிறாள். அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். செல்வி அவளைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே சுடலைமுத்து இல்லாத ஒருத்தியை இருட்டில் தடவித் தேடிக்கொண்டிருந்தார். ஒருவழியாக வெளியே வந்தபோது முழங்கை வரை தோல் வெந்திருந்தது. பேச்சியம்மாள் அவர் கையைப் பார்த்துப் பதறி, இப்படி யாரைத் தேடிப் போனீர் என்று கேட்டாள். அவர் தலையிலிருந்த சாக்கை உதறித் தள்ளினார்.

"ஒன்னையத்தேன் தாயி."

இரண்டு கை உப்பு

நான் எல்லாரையும் திட்டுகிறவள். அன்று திட்டாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மதுரைக்காரர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்தேன். கோளாறு ஒரே வரியில் இருந்தது. பார்வைக்குப் பரம சாது.

எங்கள் வீட்டில் கூட்டுக்குடும்பமாக இருந்தபோது நானும் என் ஓர்ப்படியாளும் ஒரே அடுக்களையில் சமைத்தோம். அவள் குழம்பை ருசி பார்ப்பாள், உப்பு இல்லை என்று உப்புச் சாடியைத் தேடிப் போவாள். அதற்குள் நான் ருசி பார்த்துவிட்டு என் பங்குக்கு ஒரு கை போடுவேன். அவளும் திரும்பி வந்து போடுவாள். இரண்டு பேரும் செய்தது சரி. குழம்பு மட்டும் நாசம். கம்ப்யூட்டருக்குள்ளும் அதேதான். ஒரே சமயத்தில் பல வேலை நடக்கும்போது ஒவ்வொரு வேலையும் ஒரு த்ரெட். முன் வாசலுக்கு ஒரு த்ரெட், பின் வாசலுக்கு ஒரு த்ரெட். ஏழாம் நம்பர் ரூம் என்பது புரோகிராமுக்குள் ஒரு ஆப்ஜெக்ட், ஒரு பெட்டி மாதிரி. அதன் வயிற்றில் ஒரு எண். அந்த எண் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் வாசல் பார்க்கிறது: இரண்டு. அதே கணம் பின் வாசலும் பார்க்கிறது: இரண்டு. முன் வாசல் ஒன்றைக் கழித்து ஒன்று என்று எழுதுகிறது. பின் வாசலும் ஒன்றைக் கழித்து ஒன்று என்றே எழுதுகிறது. போனது இரண்டு பேர், குறைந்தது ஒன்று. அந்த மிச்சத்தைத் தேடித்தான் ஒரு மனிதர் கையை வேகவைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் மறுபக்கம் எனக்கே உறைத்தது. காலையில் இரண்டு வாசலும் ஒரே கணம் ஆளை உள்ளே விட்டால்? போனது இரண்டு பேர், கூடியது ஒன்று. சாயங்காலம் உள்ளே ஒருத்தி இருக்கும்போதே திரை பூஜ்யம் காட்டும். பூஜ்யம் காட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லாம் பூஜ்யமானதும் ஆபீஸ் மணியை அடிப்பார்களாம். மணி கேட்டதும் அன்றைய கழிவு மருந்தைக் குழியில் போட்டு சுடலைமுத்து கொளுத்துவாராம். குழி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஏழாம் நம்பர் ரூமுக்குப் பின்னால் என்றார். கணக்கில் ஒன்று கூடினால் இல்லாத ஆளைத் தேடுவோம். ஒன்று குறைந்தால், இருக்கிற ஆளைத் தேடவே மாட்டோம்.

அண்ணாச்சி அதைக் கண்ணால் காட்டச் சொன்னார். நானும் செல்வியும் ஆளுக்கொரு வாசலில் உட்கார்ந்து, கையசைத்துச் சொல்ல ஒரு ஆளை நடுவில் நிறுத்தி, மத்தியானம் முழுக்க ஒரே நேரத்தில் தட்டித் தட்டிப் பார்த்தோம். சனியன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இந்தக் கோளாறின் குணமே அதுதான். விளக்கைப் போட்டால் எலி வராது. அண்ணாச்சி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்புட்டுத் தடவையும் சரியாத்தான வருது மேடம், இதுக்கு மேல என்னத்தச் சரி பண்ணப் போறீக?"

தாழ்ப்பாள்

அண்ணாச்சியின் சம்மதத்துக்கு நான் காத்திருக்கவில்லை. ஜாவாவில் 'சிங்க்ரனைஸ்டு' என்று ஒரு சொல் உண்டு. அதைப் போட்டால் அந்த இடத்துக்குள் ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்தான் போகலாம். குளியலறைத் தாழ்ப்பாள் மாதிரி. ஒருவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால், அவர் வெளியே வரும்வரை அடுத்தவர் துண்டோடு வாசலில் நிற்க வேண்டும். அவசரத்தில் முழுக் கம்பெனிக்கும் ஒரே தாழ்ப்பாளாகப் போட்டுவிட்டேன்.

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே பேப்பர் படிக்கிற மனிதரை எனக்குத் தெரியும். அவருக்குத்தான் கழுத்தை நீட்டினேன். ஆனால் என் புரோகிராமே அந்த வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்கவில்லை. அட்டையைத் தட்டினால் ஒரு டோக்கன் அச்சாகி வரும். அந்த அச்சடிப்பையும் தாழ்ப்பாளுக்கு உள்ளேயே வைத்திருந்தேன். மறுநாள் காலை முன் வாசல் பிரிண்டரில் காகிதம் சிக்கியது. முன் வாசல் த்ரெட் பிரிண்டருக்காகக் காத்திருந்தது, தாழ்ப்பாளை விடாமல். பின் வாசல் த்ரெட் தாழ்ப்பாளுக்காகக் காத்திருந்தது. இரண்டு வாசலிலும் ஆட்கள் ரோடு வரை நின்றார்கள். வாட்ச்மேன் சும்மா உள்ளே விட்டுவிடலாம் என்றார். எண்ணாமல் ஒருவரையும் விடக் கூடாது என்று நான் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் முதலில் நின்ற அம்மாள், இடுப்பில் தூக்குவாளியோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"காயப் போட்டு எடுக்கதுக்கு நாங்க என்ன சரவெடியா டீச்சரம்மா?"

இரண்டு சம்பந்திகள்

புத்தி வந்தது. அச்சடிப்பை வெளியே எடுத்தேன். ஒவ்வொரு ரூமுக்கும் தனித் தாழ்ப்பாள் போட்டேன். ஏழாம் ரூமைத் தொடுகிறவர் ஏழின் தாழ்ப்பாளை மட்டும் பிடித்தால் போதும். சில நாள் நன்றாக ஓடியது. ஓடுகிறது என்று நாம் காலை நீட்டும்போதுதானே, சக பாவிகளே, அது நம்மைக் கூப்பிடும்?

மத்தியானம் வேலைக்குத் தக்கபடி ஆட்களை ரூம் மாற்றுவார்கள். மாற்றும்போது இரண்டு தாழ்ப்பாள் வேண்டும், போகிற ரூமுக்கும் விடுகிற ரூமுக்கும். முன் வாசல் கம்ப்யூட்டரில் ஒருத்தியை ஏழிலிருந்து ஒன்பதுக்கு மாற்றினார்கள். அதே கணம் பின் வாசலில் ஒருத்தியை ஒன்பதிலிருந்து ஏழுக்கு. முன் வாசல் ஏழைப் பிடித்துக்கொண்டு ஒன்பதுக்காக நின்றது. பின் வாசல் ஒன்பதைப் பிடித்துக்கொண்டு ஏழுக்காக நின்றது. கல்யாணத்தில் முகம் திரிந்த இரண்டு சம்பந்திகள், அவர்கள் வந்து முதலில் கூப்பிடட்டும் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்த மாதிரி. விடிந்தாலும் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

திரை உறைந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. ஆட்கள் பாட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். நான் கவனித்தபோது எந்த ரூமில் எத்தனை பேர் என்று ஒருவருக்கும் தெரியாது. செருப்பை விட்டுவிட்டுக் கொதிக்கிற தரையில் ரூம் ரூமாக ஓடித் தலையை எண்ணினேன். ஏழாம் ரூமில் இருக்க வேண்டியதைவிட அதிகம் பேர் இருந்தார்கள். நடுவில் பேச்சியம்மாள், முழங்கை வரை வெள்ளி நிற மருந்து அப்பிய கையோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குழாய்களில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். எண்ணிக்கைக்குக் கூலி, நிமிர்கிற நேரத்தில் இன்னொன்று முடிக்கலாம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அதில் ஒரு ஜோடியின் வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. அந்த ஊக்கு குத்தித்தான் என் பாதத்தில் ரத்தம் வந்தது. அதனால் அதை மறக்கவில்லை.

அதன் பிறகு ஒரு சட்டம் எழுதினேன். எந்த வாசலாக இருந்தாலும், எங்கிருந்து எங்கே மாற்றினாலும், சின்ன நம்பர் ரூமின் தாழ்ப்பாளை முதலில் கேட்க வேண்டும், பெரியதை அப்புறம். இரண்டு பேரும் ஒரே கதவை முதலில் தட்டினால் ஒருவர் நிற்பார், ஒருவர் போவார், உறைய மாட்டார்கள். அண்ணாச்சிக்கு இது மட்டும் உடனே புரிந்தது. அவர் மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது.

"இந்தச் சட்டத்த எங்க சம்பந்தி வீட்டுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க மேடம்."

மணி

கணக்கு தப்பவே இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் பூஜ்யம் சரியாக இறங்கும். அதைப் பார்த்த தைரியத்தில் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். பின் வாசலில் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் இடத்துக்காகத் தினமும் குடுமிப்பிடி. இனி வெளியே போகும்போது அச்சாகிற டோக்கன் வரிசைப்படி பஸ்ஸில் ஏறட்டும் என்று சொல்லிவிட்டார். சண்டை நின்றது. என் புரோகிராம் ஒரு சண்டையை நிறுத்திவிட்டது என்று நானும் வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கிய ஒரு சாயங்காலம், மழை கட்டிக்கொண்டு வந்தது. வானம் இருட்டியதால் எல்லாருக்கும் அவசரம். திரையில் ஒவ்வொரு ரூமாகப் பூஜ்யம் இறங்கியது. ஏழும் இறங்கியது. எனக்குப் பின் வாசல் கம்ப்யூட்டரில் ஒரு வேலை இருந்தது. செல்வி எப்போதும் கீபோர்டு மேல் துணி மூட மறப்பாள், அதற்கும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே நடந்தேன். வழி ஏழாம் ரூமைத் தாண்டிப் போகிறது. காற்று புழுதியை வாரி அடித்தது. ரூம் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு.

யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தாண்டிப் போயிருப்பேன். ஊக்கு கண்ணில் பட்டது. குத்து வாங்கிய பாதம் தானாக நின்றது; அன்று இந்தச் செருப்பு வாசலில் கிடந்தபோது அதன் சொந்தக்காரி உள்ளேதான் இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆபீஸில் மணி அடித்தது.

ரூமுக்குப் பின்னால் சுடலைமுத்து நீளக் கம்பின் நுனியில் தீ வைத்துக்கொண்டு குழியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். காற்று குழியிலிருந்து நேராக ரூமைப் பார்த்து வீசியது. கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை. வகுப்பில் இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரல் எனக்கு. ஓடினேன். என் நூல் சேலை காலில் சுற்றி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்துதான் குரல் வந்தது, உள்ளே ஆள் இருக்கிறது என்று. சுடலைமுத்து திரும்பினார். வெந்து ஆறிய கையில் அந்தக் கம்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குத் தாழ்த்தி, அணைத்து, அணைந்ததை உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் பேசினார்.

"கம்ப்யூட்டரு ஆளில்லன்னு சொல்லிருச்சே டீச்சரம்மா."

துண்டு

கதவைத் தள்ளிக்கொண்டு பேச்சியம்மாள் வெளியே வந்தாள். கையெல்லாம் வெள்ளி. கடைசிக் கட்டுக் குழாயை முடித்துவிட்டு வரலாம் என்று இருந்தாளாம். மணி அவளுக்கும் கேட்டிருக்கிறது. பஸ்ஸுக்கு அடிக்கிற மணி என்று நினைத்து இன்னும் வேகமாகச் செலுத்தினாளாம்.

அவளுடைய அட்டை எப்போதோ வெளியே போயிருந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஜனம் அல்லவா நாம்? டோக்கன்தான் இடம் என்று சொன்ன மறுநாளே அட்டையே அந்தத் துண்டாகிவிட்டது. முன்னால் போகிறவளிடம் அட்டையைக் கொடுத்துவிட்டால் டோக்கன் வந்துவிடும், இடம் நின்றுவிடும், ஆள் பின்னால் ஆற அமர வரலாம். ஏழாம் ரூமில் எல்லாரும் செய்தார்கள். எட்டில், ஒன்பதில், எல்லாவற்றிலும் செய்தார்கள். இரண்டு வாசலும் மோதாமல் நான் போட்ட தாழ்ப்பாள் ஒழுங்காக வேலை செய்தது. வந்த அட்டையைச் சுத்தமாகக் கழித்தது. ஒவ்வொரு சாயங்காலமும் நான் ரசித்துப் பார்த்த பூஜ்யம் அட்டைகளின் பூஜ்யம்.

பேச்சியம்மாளின் அட்டையைத் தட்டியவள் செல்வி. அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கட்டும் என்று தினமும் முதல் ஆளாகத் தட்டியிருக்கிறாள். சத்தம் கேட்டு வந்தவள், தரையில் கிடந்த என்னையும் அணைந்த கம்பையும் ஊக்குப் போட்ட செருப்பையும் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தாள். அவள் கையும் வெள்ளியாயிற்று. "பஸ்ல ஒனக்கு இடத்தப் பிடிச்சு வச்சிட்டு, ஒன்னையப் பறிகுடுக்கப் பாத்தேனே" என்றாள். பேச்சியம்மாள் அதை முழுசாகக் கேட்டாளா என்றே தெரியவில்லை. மகள் தோளுக்கு மேலாகப் பின் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"பஸ்ஸு போயிருச்சாடி?"

மிஸ்டு கால்

டோக்கன் வரிசையை அன்றோடு நிறுத்தினார்கள். பஸ்ஸில் சண்டை திரும்பி வந்தது. அது எனக்குச் சங்கீதம். மணிக்கயிறு செல்வி கைக்குப் போயிற்று. திரையில் எல்லாம் பூஜ்யம் ஆன பிறகு, அவள் ஒவ்வொரு ரூம் வாசலாக நடந்து போய்ப் பார்க்க வேண்டும். ஒரு செருப்பும் இல்லை என்றால்தான் மணி. அப்படியானால் கம்ப்யூட்டர் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். முதலில் எந்த ரூம் வாசலுக்கு ஓட வேண்டும் என்று சொல்வதற்கு என்றேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும்தான்.

மணி அடித்துவிட்டு வாசலைத் தாண்டியதும் செல்வி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். போன் ஒரு தடவை அடித்து நின்றால், செருப்பு இல்லை, எல்லாரும் வீட்டுக்கு என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் நான் பாலை அடுப்பில் வைப்பேன்; அப்படியும் 'டம்' என்று கேட்டால் கால் மொட்டை மாடிக்கு ஓடத்தான் செய்யும். ஒரு நாள் அது வரவில்லை. நேரம் தாண்டிற்று. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்ன என்று கேட்கும் அளவுக்கு என் முகம் இருந்திருக்க வேண்டும். கடைசியில் போன் வந்தது, மிஸ்டு கால் இல்லை, பேசவே செய்தாள். ஏழாம் ரூம் வாசலில் செருப்பு இருந்திருக்கிறது. மணி அடிக்கவில்லை. கழிவைக் கொளுத்தவில்லை. ரூம், கிணற்றடி, வேலிக்கருவேலங் காடு எல்லாம் தேடியிருக்கிறார்கள். சுடலைமுத்துதான் முன்னால் போனாராம். பிறகு சைக்கிளில் ஊருக்கு ஆள் விட்டார்களாம். செல்வி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போனில் தெரியவில்லை.

"ஓடிப் போயி முத ஆளா பஸ்ல ஏறுற அவசரத்துல, செருப்ப விட்டுட்டு வெறுங்காலோட வீட்டுக்குப் போயிருச்சு டீச்சர், எங்க அம்மா."

எந்தத் தாழ்ப்பாளைப் போட்டாலும் மனுஷர் கணக்கு ஒன்று தப்பத்தான் செய்யும் என்றால், அது இல்லாத ஆளைத் தேடுகிற பக்கமாகவே தப்பட்டும்; அதற்காக எத்தனை நாள் பால் பொங்கி வழிந்தாலும் மேடையைத் துடைக்க நான் இருக்கிறேன்.